பழைய மோட்டாருக்குப் புதிய கேஸ்கெட்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இம்மேடையில் இலக்கியம் பேசியோர் உளர். இன்னிசை வழங்கியோரும் உளர். நமக்கு வாய்த்ததோ இஞ்சின். மெட்ரிக் படிப்போடு ரயில்வேயில் எழுத்தராய்ச் சேர்ந்து, ஸ்டோர்ஸ் பிரிவில் வரவும் செலவும் எழுதிக் காலங் கழித்துவரும் நம்மை, “கோர்படியில் நீங்கள் நால்வர் கூடிச் செப்பனிட்ட அந்தப் பழைய காரைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று செயலாளர் பணித்தார். கார் முழுவதையும் சொல்லப் புகுந்தால் அடுத்த அறையில் விருந்து ஆறிப்போகும். ஆகவே அதன் ஓர் உறுப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். அதுவும் உறுப்பு என்று எவரும் மதியாத ஒன்று. இரண்டு இரும்புகளுக்கு நடுவே அகப்பட்டு, வெளியே தலைகாட்டாமல் கிடக்கும் கேஸ்கெட் என்னும் மெல்லிய தகடு அது. நம் ஷெட் தொழிலாளர் அதனைப் “பேக்கிங்” என்றும் கூறுவர்.

கார் எது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். 1966-ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் செய்துவந்த வண்டி. ஆங்கில நாட்டில் 1959-இல் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்ததற்கு உடன்பிறப்பு. இத்தாலியராகிய ஜியோவன்னி மிக்கெலோட்டி அதற்கு உருவம் வரைந்தவர். அதன் முன்மூடி முழுவதும் சக்கர மறைப்புகளோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். இஞ்சினைச் சுற்றி நின்று வேலை செய்ய அதைவிட வசதியான வண்டியை நாம் கண்டதில்லை. சோழவரத்து விமானத் தளத்தில் நடந்த மோட்டார்ப் பந்தயங்களில் ஹெரால்டுகள் சீறிச் சென்றதைப் பார்த்த முதியவர் இச்சபையிலும் இருக்கக்கூடும். அந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தையே குறுக்கி, அதன் இஞ்சின் குடும்பத்தையே வைத்து, 1962-இல் டிரையம்ப் கம்பெனியார் ஸ்பிட்ஃபயர் என்னும் பந்தயச் சாயல் கொண்ட இருவர் வண்டியைப் படைத்தனர். 1980 வரை அது உற்பத்தியாயிற்று. இந்த உறவு வெறும் பெருமைக்கன்று. ஸ்பிட்ஃபயர் பிரியர்கள் உலகெங்கும் இன்றும் இருப்பதனாலேயே நம் ஹெரால்டுக்கு வேண்டிய கேஸ்கெட்டுகள் பல இன்றும் அச்சாகி வெளிவருகின்றன. வண்டலூரிலோ 1980-களின் இறுதியில் கார் உற்பத்தி நின்றே போயிற்று.

வண்டிக்கு உரியவர், கார்டாக இருந்து ஓய்வு பெற்று மறைந்த நம் அன்பர் ஒருவர். அவருடைய துணைவியார் அதனைத் தார்ப்பாய் போர்த்தி வைத்திருந்தார். தரகர் ஒருவர் இரும்பு விலைக்குக் கேட்டார். மெக்கானிக் ஒருவரோ, “இந்த இஞ்சின் இனித் தேறாது, வேறொரு சின்னக் கார் இஞ்சினைத் தூக்கி வைத்தால் மறுவாரமே ஓடும்” என்றார். ஓடும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 50 ஆண்டு கடந்த வண்டிகளை ‘வின்டேஜ்’ வண்டிகளாகப் பதிவு செய்ய மத்திய அரசு 2021 ஜூலையில் விதி வகுத்தது. இஞ்சினிலும் அடிச்சட்டத்திலும் கூட்டிலும் பெருமாறுதல் செய்யப்படாதிருத்தல் வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும். முன்னரே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். நாள்தோறும் ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் பழுது பார்ப்பதற்கும் எடுத்துச் செல்லலாம். அம்மையாருக்கு வேண்டியதெல்லாம் அந்தப் பழைய எண். அது அவர் கணவர் தம் கையால் பலகையில் எழுதிய எண். ஆகவே வேற்று இஞ்சின் வைத்தால் வண்டி பிழைக்கும், எண் பிழைக்காது. உள்ள இஞ்சினையே உயிர்ப்பிக்க வேண்டும் என்று நாம் நால்வரும் முடிவு செய்தோம். நால்வரில் தலையாயவர் டீசல் ஷெட்டில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற மேஸ்திரி ஐயா. நாம் கணக்கர், விளக்குப் பிடிப்பதும் குறிப்பெழுதுவதும் நம் பணி.

நோய் என்ன? எண்ணெய் அளக்கும் கம்பியை உருவிப் பார்த்தபோது, எண்ணெய் பால் விட்ட காப்பி நிறத்தில் இருந்தது. தண்ணீர் எண்ணெயோடு கலந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். அழுத்தமானி வைத்துப் பார்த்ததில், அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் அழுத்தம் ஒருசேரக் குறைந்திருந்தது. தனித்தனியே குறைந்தால் வால்வையோ ரிங்கையோ ஐயுறலாம். அண்டை வீடுகள் இரண்டும் ஒரே சமயத்தில் குறைந்தால் நடுச்சுவர் இடிந்திருக்கிறது என்று பொருள். அந்த நடுச்சுவர்தான் ஹெட் கேஸ்கெட்.

அத்தகடு தாங்கும் சுமையை நாம் நம் வழக்கப்படி தாளில் கணக்கிட்டுப் பார்த்தோம். இந்த இஞ்சின் 948 சி.சி.; சிலிண்டரின் விட்டம் 63 மில்லிமீட்டர். பரப்பு ஏறக்குறைய 31 சதுர சென்டிமீட்டர். வெடிப்பின் உச்சத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 40 கிலோ அழுத்தம் என்று கொண்டால், ஒரு சிலிண்டர் தன் தலையின் மேல் 1,200 கிலோவுக்கு மேற்பட்ட விசையால் முட்டுகிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு 25 முறை இவ்வாறு முட்டும். இந்த நெருப்பையும், பக்கத்து ஓட்டைகளில் ஓடும் தண்ணீரையும், எண்ணெயையும் ஒன்றோடொன்று சேராமல் காப்பது அந்தத் தகடு. நம் ஷெட்டுக்கு வரும் ஆல்கோ டீசல் இஞ்சினில் 16 சிலிண்டருக்கும் தனித்தனித் தலை உண்டு; ஒன்று கெட்டால் அந்த ஒன்றைத் தூக்கினால் போதும். காரிலோ நால்வருக்கும் ஒரே கூரை.

தலையைக் கழற்றியதும் இளைஞர் இருவரும் கம்பித் தூரிகையை எடுத்துப் பழைய கேஸ்கெட்டைச் சுரண்டப் போயினர். மேஸ்திரி ஐயா கையைப் பற்றி நிறுத்தினார். அக்காலத்து ஹெட் கேஸ்கெட்டுகள் செம்புத் தகடுகளுக்கு நடுவே ஆஸ்பெஸ்டாஸ் வைத்துச் செய்யப்பட்டவை. உலர்ந்தபடி சுரண்டினால் கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் பறக்கும், மூச்சோடு உள்ளே போனால் பல்லாண்டு கழித்து நுரையீரலைத் தின்னும், புற்றுநோயையும் கொணரும். நீராவி இஞ்சின்களின் கொதிகலன் மேல் அதனைப் போர்த்திவந்த காலத்தைக் கண்ட ரயில்வேக் குடும்பத்தார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆகவே தண்ணீரில் சோப்பைக் கரைத்துத் தெளித்து ஊறவைத்து, முகமூடி அணிந்து, ஈரமாகவே வழித்தெடுத்து, இரட்டைப் பையில் கட்டிவிட்டோம். காற்றுக் குழாயால் ஊதும் வழக்கத்தை அந்த இடத்தில் அறவே விலக்கினோம். பட்டறைகள் பலவற்றில் இன்றும் ஊதியே தள்ளுகின்றனர். பார்க்க மனம் பதைக்கிறது.

இனி, புதிய கேஸ்கெட்டைத் தேடிய படலம். நானா பேட்டில் மோட்டார் உறுப்புக் கடைகள் வரிசையாய் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். அங்கே “948” என்று சொன்னதும் ஒரு கடைக்காரர் மகிழ்ச்சியோடு ஒரு தகட்டை எடுத்துப் போட்டார். அதுவும் 948 சி.சி. இஞ்சினுக்குரியதே. ஆனால் அது மோரிஸ் மைனர் காரிலும், 1958-இல் வந்த தவளைக்கண் ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட் பந்தயச் சாயல் வண்டியிலும் இருந்த வேறொரு கம்பெனி இஞ்சின். கொள்ளளவு ஒன்றாயினும் குலம் வேறு. போல்ட்டுத் துளைகள் ஒன்றும் சேரா. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. எண்ணை மட்டும் கேட்டால் எவர்க்கும் நேர்வதே இது. பழைய தகட்டை மெல்லிய பிளாஸ்டிக் உறையில் ஒட்டி எடுத்துச் சென்று, அதன்மேல் வைத்துப் பார்த்தே வாங்க வேண்டும்.

மற்றொரு பொறி இதனினும் நுட்பமானது. ஸ்பிட்ஃபயரின் முதல் இஞ்சின் 1,147 சி.சி.; அதன் சிலிண்டர் விட்டம் 69.3 மில்லிமீட்டர். நம் ஹெரால்டில் 63. பெரிய துளையுள்ள தகட்டைச் சின்னச் சிலிண்டரின் மேல் வைக்கத் துணிந்தால், சுற்றிலும் 3 மில்லிமீட்டருக்கு மேல் ஒரு பள்ளம் நிற்கும். அழுத்தமும் குறையும், கரியும் அங்கே சேரும், நெருப்பு விளிம்பைத் தின்னும். டைமிங் கவர், டேப்பட் கவர் முதலியவற்றின் கேஸ்கெட்டுகள் பெரும்பாலும் இரு வண்டிக்கும் பொதுவாக அமையும். ஹெட் கேஸ்கெட் மட்டும் விட்டத்தைக் கேட்டே வர வேண்டும். தகட்டின் கனமும் பார்க்கத் தக்கது. அழுத்த விகிதம் 8-க்கு 1 என்று இருக்குமிடத்தில், அழுந்திய பின் அரை மில்லிமீட்டர் கூடுதல் கனமுள்ள தகடு வைத்தால், விகிதம் ஏறக்குறைய 7.7 ஆகிவிடும் என்று நம் கணக்கு காட்டிற்று. கணக்கருக்கும் மோட்டாரில் வேலை உண்டு என்று அன்று மேஸ்திரி ஐயா ஒப்புக்கொண்டார். அதுவரை விளக்கை நேராகப் பிடிக்கும்படி மட்டுமே அவர் நம்மிடம் சொல்லிவந்தார்.

கடைசியில் முழுச் செட்டும் ஆங்கில நாட்டிலிருந்து அஞ்சலில் வந்தது. அதில் தண்ணீர்ப் பம்புக்குரிய தாள் மடங்கிக் கிழிந்திருந்தது. மீண்டும் எழுதிக் காத்திருக்கவில்லை, கையால் வெட்டினோம். இதனை இளைஞர் கற்றுக்கொள்வது நலம். கேஸ்கெட் தாளைக் கடையில் கனம் சொல்லி வாங்க வேண்டும். பம்பின் முகத்தில் சிறிது கிரீஸ் தடவித் தாளில் ஒற்றினால் உருவம் பதியும். போல்ட்டுத் துளைகளை முதலில் வெட்ட வேண்டும். துளைமேல் பழைய பேரிங்கின் எஃகு உருண்டையை வைத்துச் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டினால் வட்டம் அறுந்து விழும். இரண்டு துளைகளில் போல்ட்டைச் சொருகித் தாள் நகராமல் நிறுத்திக்கொண்டு, பிறகு ஓரங்களை வெட்டலாம். இரும்பு விளிம்பானால் உருண்டைத் தலைச் சுத்தியால் மெல்லத் தட்டியே அறுக்கலாம். அலுமினிய விளிம்பில் அவ்வாறு தட்டலாகாது. விளிம்பு நசுங்கி, நாம் அடைக்க நினைத்த கசிவை நாமே உண்டாக்கிவிடுவோம். அங்கே கத்தரிக்கோல்தான். வழியில் நின்ற வண்டிக்குக் கோப்பு அட்டையை வெட்டிக் கேஸ்கெட் வைத்து வீடு சேர்ந்த கதைகள் நம் அலுவலகத்தில் பல உலவுகின்றன. வீடு சேர அது உதவலாம். பெட்ரோல் பம்பின் அடியில் அவ்வாறு வைத்தால், கனம் மாறிப் பம்பின் நெம்புகோல் தள்ளும் தூரமும் மாறிவிடும் என்பதை மறக்கலாகாது.

பசை பூசலாமா, கூடாதா என்பது மோட்டார் உலகின் ஓயாத வழக்கு. முன்னாளில் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்த ஷெல்லாக்கே பசை. நம் நாட்டுக் காடுகளில் கிளைகளில் படியும் அரக்கு, உலகத்து இஞ்சின்களின் மூட்டுகளை ஒட்டியது என்பதில் நமக்கு ஒரு சிறு மகிழ்ச்சி. இன்று சிலிகோன் குழல்கள் மலிந்துவிட்டன. ‘கொஞ்சம் போட்டால் நன்று, மிகுதியாய்ப் போட்டால் மிக நன்று’ என்று எண்ணி அப்பித் தள்ளுகிறார்கள். வெளியே பிதுங்குவது கண்ணுக்குத் தெரியும். உள்ளே பிதுங்குவது தெரியாது. அது உள்ளே அறுந்து எண்ணெயோடு சென்று, பம்பின் வடிகட்டியில் போய் அடைத்தால் பேரிங்குகள் எண்ணெயின்றி வெந்துவிடும். இந்த இஞ்சினின் சம்பைக் கழற்றியபோது, முன்பு எவரோ அப்பிய சிலிகோன் துணுக்குகள் வடிகட்டியின் மேல் புழுப்போல் கிடந்தன. தாள் கேஸ்கெட்டுகளுக்கு மெல்லிய பூச்சு மட்டும் கொடுத்தோம். ஹெட் கேஸ்கெட்டை, அதனைச் செய்தவர் குறித்தபடி, ஒன்றும் பூசாமல் உலர்ந்தவாறே வைத்தோம்.

புதிய தகடு வாங்கியதும் வேலை முடிந்தது என்று கருதுவோர் ஏமாறுவர். தகடு சிறு மேடுபள்ளத்தை நிரப்பும், கோணலை நிமிர்த்தாது. ஹெட்டின் முகத்தில் நேர்விளிம்புக் கோலை நீளவாட்டிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜைச் செலுத்திப் பார்த்தோம். நடுவே ஓரங்குலத்தின் ஆயிரத்தில் 6 பங்கு நுழைந்தது. கடைசல் பட்டறைக்கு அனுப்பி, நேராகும் அளவுக்கு மட்டும் சீவச் சொன்னோம். பிளாக்கின் முகமோ நேராயிருந்தது. ஆனால் ஸ்டட்டுகளின் அடியில் இரும்பு சற்று மேலே இழுபட்டு மேடிட்டிருந்தது. அதனைத் துளை வாயில் இலேசாய்ச் சாய்த்துச் சீவினோம். ஸ்டட்டுத் துளைகளில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருத்தல் ஆகாது. தேங்கியதன்மேல் ஸ்டட்டை முறுக்கினால், திரவம் அழுந்த இடமின்றிப் பிளாக்கையே விரிசல் காணச் செய்துவிடும். துணியைத் திரியாக்கி ஒவ்வொரு துளையையும் ஒற்றியெடுக்க ஒரு மாலைப் பொழுது சென்றது.

முறுக்கும் முறையை எல்லாரும் சொல்லுவர், செய்வோர் சிலரே. நடுவில் தொடங்கி வெளிநோக்கிச் செல்ல வேண்டும். பாயை விரிக்கும்போது நடுவிலிருந்து தள்ளினால் சுருக்கம் ஓரத்துக்குப் போகுமன்றோ? அதுபோல. ஒரே மூச்சில் முழு இறுக்கமும் கொடாமல் மூன்று தவணையாகக் கொடுக்க வேண்டும். டார்க் ரெஞ்சு என்னும் அளவுச் சாவியால், புத்தகத்தில் உள்ள எண்ணைப் பார்த்தே இறுக்க வேண்டும். நாம் எண்ணை உரக்கப் படித்தோம், ஐயா முறுக்கினார், ஒருவர் சுண்ணக்கட்டியால் நட்டின் மேல் குறியிட்டார்.

இப்போது நீங்கள் சிரிக்கப் போகும் இடம். அந்தக் கேஸ்கெட் செட்டில், இருப்புச் சாவியளவுகூட இல்லாத இரண்டு மரத்துண்டுகள் இருந்தன. பொட்டலத்தில் விழுந்த சில்லென்று எண்ணி எறிந்துவிடுவோர் பலர். அவை உண்மையான உறுப்புகள். இஞ்சினின் முன்புறத்து அடியில், சம்பு வந்து சேருமிடத்தில், ஓர் அலுமினியக் கட்டை குறுக்கே நிற்கும். அதன் இரு முனைகளிலும் உள்ள இடைவெளியை அடைக்க, பசை தடவிய மர ஆப்புகளை அடித்து இறக்கி, பிதுங்கிய தலையைக் கத்தியால் பிளாக்கின் மட்டத்துக்குச் சீவிவிட வேண்டும். கம்பெனியின் பழுதுபார்க்கும் நூலே இவ்வாறு சொல்லுகிறது! இத்துணை எஃகுக்கும் நடுவே தச்சன் செய்வது போன்ற வேலை. மரம் இடைவெளியை இறுக அடைக்கும். முன்பு வேலை பார்த்தவர் ஆப்பை விட்டுவிட்டுச் சிலிகோனை அப்பியிருந்தார். வண்டி நின்ற இடமெல்லாம் எண்ணெய்க் கோலம் கண்டதன் காரணம் அதுவே. அந்த அலுமினியக் கட்டையின் மரைகள் மிக மென்மையானவை; சம்பின் போல்ட்டுகளை அங்கே விரல்நுனி அறிவோடு இறுக்க வேண்டும்.

இஞ்சின் உயிர்பெற்ற நாளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாம் முயற்சியில் பற்றிக்கொண்டது. அம்மையார் வாசலிலேயே நின்றார்; அருகே வரவில்லை. சூடேறி ஆறியபின் ஹெட்டை மறுமுறை இறுக்கினோம். இறுக்கினால் டேப்பட் இடைவெளி மாறும்; ஆகவே அதனையும் மறுபடி அங்குலத்தின் ஆயிரத்தில் 10 பங்காக அமைத்தோம். இந்த இஞ்சினில் அதற்கு ஓர் எளிய வாய்பாடு உண்டு. எட்டு வால்வுகளில், எட்டாவது முழுதும் திறந்திருக்கும்போது முதலாவதைச் சரிசெய்யலாம். ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதை. இரண்டையும் கூட்டினால் எப்போதும் 9.

பின்புறத்தில் இன்னும் சொட்டுச் சொட்டாய் எண்ணெய் விழுகிறது. அது கேஸ்கெட்டின் குற்றமன்று. அக்காலத்து இஞ்சினில் கிராங்கின் பின்முனையில் ரப்பர் சீல் இல்லை. தண்டில் வெட்டிய திருகு வரியே எண்ணெயை உள்ளே திருப்பியனுப்பும். வண்டி நிற்கும்போது அந்த வரியும் நின்றுவிடும். ஆகவே ஒரு தகரத் தட்டை அடியில் வைத்திருக்கிறோம். பதிவுக்கான விண்ணப்பம் பழைய எண்ணோடு அனுப்பப்பட்டுள்ளது.

பழைய ஹெட் கேஸ்கெட்டையும், புதிய மர ஆப்பில் சீவியெடுத்த துணுக்கையும் வாயிலருகே உள்ள மேசையில் வைத்திருக்கிறோம். இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே நெருப்பு வழி கண்ட கறுப்புக் கோட்டை உறைக்கு வெளியிலிருந்தே தெளிவாகக் காணலாம். ஆப்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். கேஸ்கெட் உள்ள உறையை மட்டும், குழந்தைகள் திறவாதபடி, தாய்மார்கள் பார்த்துக்கொள்ள வேண்டுகிறோம்.